பெயரில்லாத பாதி

பேனர் கட்டின ஆள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு வாரம் ஆகிறது. சுகாசினியின் கழுத்து இன்னும் அந்தப் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது.

சின்ன காஞ்சிபுரத்தில் அவள் மருந்துக் கடைக்கு மேலே 'சுகாசினி மெடிக்கல்ஸ்' என்று பச்சை எழுத்தில் ஒரு போர்டு உண்டு. பேனரை அதன் மேலேயே கட்டிவிட்டார்கள். பளு தூக்கும் கம்பியைத் தலைக்கு மேல் பிடித்தபடி ஜீவிதா. கழுத்தில் தங்க மெடல். ஒரு பக்கம் அவளைப் பெற்ற மணிவண்ணனும் ஏஞ்சலும். இன்னொரு பக்கம் பெரியப்பா லோகேஸ்வரன், கூலிங் கிளாஸோடு. பெரியம்மா சுகாசினி எங்கே? எங்கேயும் இல்லை. போர்டில் அவளுக்கு மிச்சம் விட்டது 'டிக்கல்ஸ்' மட்டும்தான்.

அதை வைத்துத்தான் ஓரகத்திகள் இரண்டு பேரும் போன வாரம் மாடிப்படியில் நின்று கத்தினார்கள். அப்புறம் பேச்சு இல்லை. ஒரே வீடு. கீழே மூத்தவன் லோகேஸ்வரன் குடும்பம், மாடியில் தம்பி மணிவண்ணன் குடும்பம். பேச்சை நிறுத்திவிட்டு ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பது என்ன கஷ்டம் என்று, பட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பொறாமையா என்று கேட்டால் சுகாசினி அடிக்க வருவாள். நியாயம் கேட்கிறேன் என்பாள். பொறாமைப்படுகிற எல்லாரும் நியாயம்தான் கேட்கிறார்கள். நான் பார்த்தவரை வேறு மாதிரி சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

அந்தத் தெருவில் முதலில் மருந்துப் படிப்பு படித்தவள் அவள். 'மெடிக்கல்காரம்மா வீடு' என்றுதான் அந்த வீட்டுக்குப் பெயர். ஏஞ்சல் காதல் கல்யாணம் செய்துகொண்டு வந்தவள். பட்டுக் கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலை. அவள் மகள் இரும்பைத் தூக்க ஆரம்பித்ததும் வீட்டின் பெயர் மாறிவிட்டது. 'வெயிட்டு தூக்கற பொண்ணு வீடா? நேரா போயி லெஃப்ட்டு.'

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பாள். புருஷன் விடியற்காலையில் எழுந்து தம்பி மகளைப் பைக்கில் ஏற்றி ஜிம்முக்குக் கொண்டுபோய் விடுகிறான். சொந்த மகள் அலமு காலேஜில் பரிசு வாங்கினபோது அவனுக்கு வேலை இருந்தது. இதை எங்கே போய்ச் சொல்வது?

இந்த வெள்ளிக்கிழமை காலையில், பேசாத ஏஞ்சல் கடைக்கே பேச வந்தாள்.

"அக்கா."

சுகாசினி தலையைத் தூக்கவில்லை. "இன்னா?"

"ஜீவிக்கு ராத்திரிலேர்ந்து ஜுரம். உடம்பு முழுக்க நோவுதுன்றா. ஞாயித்துக்கெழம போட்டி…"

"தெரியாம இன்னா? அதான் என் கடை வாசல்லயே எழுதி மாட்டிக்கினீங்களே."

"பேனர் கதை இப்ப வேணாம்கா."

"எனக்கு மட்டும் வேணுமா? வெளிச்சம் வரல, காத்து வரல. அதத்தான் சொன்னேன்."

"ஒரு செட் குடுங்க. நான் போறேன்."

"ஏம்மா, உம் பொண்ணுக்குத்தான் இப்போ கோச்சு, பிசியோன்னு ஆளுங்க இருக்காங்களே. என் கடை மாத்திரை செல்லுமா?"

"ஆளுங்க இருக்காங்க. உங்க கைராசி அவங்ககிட்ட இல்லியே."

அந்த வார்த்தை சுகாசினியை ஒரு நிமிஷம் குளிரவைத்தது. கை தானாக வேலை செய்தது.

செட் என்றால் என்ன என்று அந்தப் பக்கத்து நெசவுக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். ஜுரம், உடம்பு நோவு என்று யார் வந்தாலும் ஜுர மாத்திரை, சளி மாத்திரை, கூட ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. அட்டையிலிருந்து வேண்டியதைக் கத்திரிக்கோலால் வெட்டிக் காகித உறையில் போட்டுத் தருவாள். மருந்தின் பெயர் அட்டையின் மிச்சப் பாதியில் கடையிலேயே தங்கிவிடும். வீட்டுக்குப் போவது பெயரில்லாத பாதி.

அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாதது. அதைப் போட்டால் நோவு பறந்துவிடும். படுத்துக் கிடந்தவன் மறுநாள் தறியில் உட்கார்ந்துவிடுவான். 'அந்தம்மா கைராசி' என்பான். கைராசி எந்த மாத்திரையில் இருக்கிறது என்று சுகாசினிக்குத் தெரியும். கேட்டவர் யாரும் இல்லை. அவளும் சொல்லவில்லை.

லோகேஸ்வரன் பகலில் பட்டுப் புடவை புரோக்கர், சாயங்காலம் கடையில் உட்காருவான். மருந்து படித்தவன் இல்லை. பெண்டாட்டி கட்டுவதைப் பார்த்துப் பார்த்து அவனும் செட் கட்டுவான்.

ஏஞ்சல் உறையை வாங்கிக்கொண்டு போனாள். நன்றி என்றுகூடச் சொன்னாள். சுகாசினிக்குத்தான் காதில் விழாத மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரத்தில் உடம்பு ஏற்றுகிற ஜிம் வைத்திருக்கும் அந்தோணி வந்தான். கதவு நிலையில் பக்கவாட்டில் திரும்பி நுழைகிற உடம்பு.

"மேடம், அந்த சைஸ் ஏத்தற ஊசி…"

"அதெல்லாம் இங்க கெடையாது. டாக்டர் சீட்டு எடுத்துக்கினு வா."

"எல்லாக் கடையிலயும் தராங்க மேடம்."

"அப்ப எல்லாக் கடைக்கும் போ. இங்க வந்து ஏன் நிக்கற?"

அந்தோணி வெளியே போய் நிமிர்ந்து பேனரைப் பார்த்தான். சிரித்தான். "எனக்குன்னா சீட்டு. உங்க வீட்டுப் பொண்ணுக்குன்னா உள்ளயே வச்சு குடுப்பீங்க போல. தோளப் பாரு, தங்கச்சிக்கு!"

"டேய், வாய் கிழிஞ்சிடும்!"

அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அவன் விட்டுப் போன சொல் போகவில்லை. கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள்.

போன வருஷம் மருந்துக் கடைக்காரர்கள் கூட்டம் ஒன்று கல்யாண மண்டபத்தில் நடந்தது. சென்னைக் காலேஜிலிருந்து ஒருத்தி வந்து விளையாட்டுக்காரர்களும் ஊக்கமருந்தும் என்று பேசினாள். சுகாசினி பேச்சைக் கேட்கவில்லை. பேசினவளின் புடவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வயசுதான் இருக்கும். மைக் அவள் கையில். சமோசா தன் கையில்.

ஆனாலும் ஒன்று காதில் ஏறியிருந்தது. அவள் திரையில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரையைப் பெரிதாகக் காட்டினாள். "ஜிம் ஊசி மட்டும் இல்லைங்க. ஜுரத்துக்கு நீங்க கட்டித் தர செட்ல இருக்கே, இதுவும்தான். போட்டி அன்னிக்கு உடம்புல இருந்தா அவங்களுக்குத் தடை. முழுங்கி மூணு நாளாவது போகணும். விளையாடறவங்க வந்தா ஒரு வார்த்தை கேட்டுக் குடுங்க."

பின்வரிசையிலிருந்து ஒருத்தர் கத்தினார். "எங்க கடைக்கு ஒலிம்பிக்காரன் வந்தா கேக்கறோம்மா!"

மண்டபமே சிரித்தது. சுகாசினியும் சிரித்தாள்.

இன்று வெள்ளி. போட்டி ஞாயிறு.

போனை எடுத்தாள். ஏஞ்சலின் பெயரைக்கூடத் தொட்டுவிட்டாள். வாசலுக்கு மேலே பேனரில் ஏஞ்சல் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பது பார்க்காமலே தெரிந்தது. அதில் அவள் கட்டியிருந்தது, சுகாசினி பட்டுக் கடையில் பார்த்து, விலை அதிகம் என்று விட்டுவிட்டு வந்த புடவை.

போனைக் கீழே வைத்தாள்.

'நானா தெரிஞ்சு குடுத்தேன்? கேட்டுக்கினு வந்தா, குடுத்தேன். எல்லாருக்கும் குடுக்கறதுதான். கோச்சுன்னு ஒருத்தன் இருக்கான், அவன் பாத்துக்கட்டும்.' இப்படியெல்லாம் சொல்லிப் பார்த்தாள். மனசு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டியது. தப்பு செய்யும்போது மனசை மாதிரி நல்ல சிநேகிதன் கிடையாது. நம்பத்தான் கூடாது.

மத்தியானம் அந்தக் கோச்சே வந்து நின்றான். தர்மன். மெலிந்த ஆள், கழுத்தில் விசில். கையில் அதே காகித உறை. கடையில் ராஜகோபால் என்ற நெசவுக்காரர் முதுகைப் பிடித்தபடி தன் செட்டுக்குக் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"அக்கா, ஜீவிதாவுக்கு நீங்க குடுத்த மாத்திரை. காலையிலயே போட்டுக்க இருந்தா. நான்தான் போடாத, பேரு பாக்காம எதையும் முழுங்கக்கூடாதுன்னு நிறுத்திட்டேன். வெட்டினதுல பேரே இல்ல. இது இன்னா இது?"

"ஜுர மாத்திரை."

"இது?"

"சளிக்கு."

"இந்தச் சின்னது?"

மேஜை டிராயர் பாதி திறந்திருந்தது. உள்ளே அட்டையின் மிச்சப் பாதி, பெயரோடு. எடுத்துக் காட்டினால் முடிந்தது.

ராஜகோபால் முந்திக்கொண்டார். "தம்பி, அந்தச் சின்னதுலதான்பா விஷயமே. மீதி ரெண்டும் எல்லாக் கடையிலயும் கெடைக்கும். அம்மா இன்னாதான் சேக்குதோ, ஒரே வேளையில எழுந்து உக்காந்துடறேன்."

பின்னால் நின்றவர்கள் ஆமாம் என்றார்கள். தர்மன் சுகாசினியைப் பார்த்தான்.

சொன்னால் கைராசி போகும். தெருவே கேட்கும், இத்தனை வருஷம் எங்களுக்கு எதைக் கொடுத்தாய் என்று. சொல்லாவிட்டால்? வாசலுக்கு மேலே அந்தப் பேனர் காற்றில் உப்பி உப்பி அடங்கியது.

"கேஸ் மாத்திரை," என்றாள் சுகாசினி. "மாத்திரை சூட்டுக்கு வயிறு எரியும்ல, அதுக்கு."

"அவ்ளோதானா? நல்லதாப் போச்சுக்கா. போன மாசம் தேர்வுப் போட்டியில அவளுக்கு ஊக்கமருந்து டெஸ்டுக்கு மூத்திரம் எடுத்துக்கினு போனாங்க. ரிசல்ட் இன்னும் வரல. அதுலேர்ந்துதான் எனக்கு பயம், எதையும் நம்பறதில்ல. மெடிக்கல்காரங்க நீங்களே சொன்னப்புறம் இன்னா? சாயங்காலம் சாப்ட்டு போட்டுக்க சொல்லிடறேன்."

போய்விட்டான். எதையும் நம்பாதவன், நம்பக்கூடாத ஒன்றை நம்பிக்கொண்டு போனான்.

ராஜகோபால் கையை நீட்டினார். "நம்ம செட்டு?"

அவருக்கு வெட்டப் போன கத்திரிக்கோல் அந்த வெள்ளை மாத்திரைக்கு வந்ததும் நின்றுவிட்டது.

"இன்னாம்மா, ரெண்டுதான் இருக்குது?"

"இன்னிக்கு இதுதான்."

"அந்தச் சின்னது?"

"இல்ல. டாக்டரப் போயி பாருங்க."

அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே படி இறங்கினார்.

விளக்கு வைக்கிற நேரம். வரதராஜர் கோயில் பக்கமிருந்து மேளச் சத்தம் கேட்டது. நல்ல வியாபாரம் நடக்கிற வேளை. லோகேஸ்வரன் இன்னும் கடைக்கு வரவில்லை. சுகாசினி ஷட்டரை இழுத்து விட்டாள். இருபது வருஷத்தில் அந்த நேரத்துக்குப் பூட்டினதில்லை. டிராயரில் இருந்த பாதி அட்டையை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு நடந்தாள். முதலில் நடைதான். தெருமுனை திரும்பினதும் ஓட்டம்.

அவளுக்குப் புத்தி வந்துவிட்டது, மனசு மாறிவிட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம். பயம் வந்துவிட்டது. அவ்வளவுதான். பயத்தில் ஓடினாலும் ஓட்டம்தானே.

மாடியில் ஜீவிதா சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஜுரத்தில் கண் சிவந்திருந்தது. ஒரு கையில் தண்ணீர்ச் செம்பு, இன்னொரு கையில் மாத்திரை.

"போடாத!"

செம்பிலிருந்து தண்ணீர் சிந்தியது. ஏஞ்சல் சமையல் கட்டிலிருந்து வந்தாள்.

"இன்னாக்கா?"

"அந்தச் சின்ன மாத்திரைய போடக்கூடாது. அது ஸ்டீராய்டு. ஞாயித்துக்கெழம டெஸ்டு எடுத்தா தெரிஞ்சுடும். மத்த ரெண்டையும் போடு, அதத் தூக்கிப் போடு."

ஏஞ்சல் அவளையே பார்த்தாள். "மத்தியானம் கேஸ் மாத்திரைன்னீங்களாம்?"

"சொன்னேன்."

"இப்ப வேற சொல்றீங்க. எது பொய்யி?"

"மத்தியானம் சொன்னது."

"இல்லக்கா." ஏஞ்சல் குரல் உயரவில்லை. "இப்ப சொல்றதுதான் பொய்யி. போட்டா எம் பொண்ணு எழுந்து நின்னுடுவா. அது உங்களுக்குப் புடிக்கல. ஜுரத்தோடயே மேடையேறி கீழ உழட்டும். அதானே?"

"ஏஞ்சலு!"

"பேனர பாக்கறப்பல்லாம் உங்க மூஞ்சி போற போக்க நான் பாக்கலன்னு நெனச்சீங்களா? ஜீவி, நீ போடு. பெரிம்மா மத்தியானம் நல்ல புத்தியோட சொன்னாங்க. இப்ப வேற புத்தியில வந்திருக்காங்க."

பொய்யை ஒரு பேச்சில் நம்பினார்கள். உண்மைக்குச் சாட்சி கேட்கிறார்கள். சுகாசினிக்கு அழுகை வந்தது. அழுதால் அதையும் நம்பமாட்டார்கள் என்று அடக்கிக்கொண்டாள். ஜாக்கெட்டிலிருந்து பாதி அட்டையை எடுத்தாள். ஜீவிதாவின் கையில் இருந்த துண்டை வாங்கினாள். தரையில் உட்கார்ந்து இரண்டையும் ஒட்ட வைத்தாள்.

வெட்டின ஓரம் லேசாகக் கோணல். அந்தக் கோணலும் இந்தக் கோணலும், புடவை உடலோடு கரை சேருகிற மாதிரி, பிசிறில்லாமல் சேர்ந்தன. ஏஞ்சல் புடவைக் கடைக்காரி. சேர்மானத்தில் அவளை ஏமாற்ற முடியாது.

"படி ஜீவி," என்றாள் சுகாசினி.

ஜீவிதா குனிந்து எழுத்துக் கூட்டினாள். "பீட்டா… மெத்தசோன்." செல்போனில் அந்தப் பெயரை அடித்தாள். திரையை மேலும் கீழும் தள்ளிப் படித்தாள்.

"ஆமாம்மா. போட்டியப்ப கூடாதுன்னு போட்டிருக்குது."

ஏஞ்சல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "கோச்சு கேட்டப்பவே சொல்றதுக்கு இன்னாக்கா?"

"கடையில ஆளுங்க இருந்தாங்க."

அது பாதி உண்மை. மீதிப் பாதியை இரண்டு பேரும் தெரிந்தே விட்டுவிட்டார்கள்.

ஜீவிதா எழுந்தாள். ஜுரத்தில் தள்ளாடிக்கொண்டே போய்த் தன் ஜிம் பையைக் கவிழ்த்தாள். துண்டு, பெல்ட், கைக்குப் போடுகிற மாவு டப்பா. பக்கத்துப் பையின் ஜிப்பைத் திறந்து கையை விட்டாள். வெளியே வந்தது கை நிறைய அட்டைத் துண்டுகள். சிலது காலி. சிலதில் மாத்திரை இருந்தது. எதிலும் பெயர் இல்லை. எல்லாம் சின்ன வெள்ளை.

"அப்ப இதெல்லாம் இன்னா பெரிம்மா?"

சுகாசினி ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "யாரு குடுத்தா?"

"பெரிப்பாதான். பிராக்டீஸ் முடிஞ்சு நோவுதுன்னு சொன்னா தருவாரு. நோவு வந்தா ஒண்ணு போட்டுக்கோ, பெரிம்மா கைராசின்னு." குரல் இறங்கியது. "போன மாசம் தேர்வுப் போட்டி அன்னிக்குக் காலையில இடுப்பு புடிச்சிக்கிச்சு. ரெண்டு போட்டுக்கினுதான் தூக்கினேன். அன்னிக்கே பாட்டில்ல புடிச்சுக்கினு போனாங்க."

அன்றைக்குக் கிடைத்த மெடல்தான் பேனரில் தொங்கிக்கொண்டிருப்பது.

சுகாசினி தன் கையைப் பார்த்தாள். அந்த மெடலில் தனக்கு ஒரு இடம் இல்லை என்று ஒரு வாரமாகச் சோறு இறங்காமல் கிடந்தாள். இருந்திருக்கிறது. பெற்றவளைவிடப் பெரிய இடமாக இருந்திருக்கிறது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். லோகேஸ்வரன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

"சுகா, இங்கதான் இருக்கியா? கடையை ஏன் மூடிட்ட? சரி வுடு, நல்ல சேதி. ரெண்டு பேரும் பேசிக்கினீங்க போல?" பதிலுக்குக் காத்திருக்காமல் செல்போனை நீட்டினான். "பாரு. ஞாயித்துக்கெழமைக்குப் புது பேனரு. பழச விட டபுள் சைஸு. இந்த வாட்டி யாரு குறையும் வேணாம்னு உன் போட்டோவ நடுவுல போட சொல்லிட்டேன்."

திரையில் ஜீவிதாவின் மெடலுக்குப் பக்கத்திலேயே சுகாசினியின் முகம். கீழே பச்சை எழுத்தில் கடையின் பெயர், ஒரு எழுத்துகூட மறையாமல்.

"எம் போட்டோவ எடுத்துடுங்க," என்றாள் சுகாசினி.

"இன்னாது? இதுக்குத்தான ஒரு வாரம் எனக்கு சோறு போடாம கெடந்த?"

"எடுத்துடுங்கன்றன்ல!"

ஏஞ்சல் எழுந்து வந்தாள். மூத்தார் கையிலிருந்த போனை வாங்கினாள். விரலால் இழுத்து, ஓரகத்தியின் முகத்தைத் திரை நிறையப் பெரிதாக்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இருக்கட்டும் மாமா. அக்கா போட்டோ கண்டிப்பா இருக்கணும்," என்றாள். "இன்னும் பெருசா போட சொல்லுங்க, ரிசல்ட் வர வரைக்கும் தொங்கட்டும். கடை பேரையும் சேத்துதான்."